அல்லது அதற்கு இணையானது

இந்தப் போகிக்குப் பரணை ஒதுக்கியபோது பழைய பிளெக்ஸ் சுருள் ஒன்று கீழே வந்தது. "எட்டடி இருக்கே, விறகு மேல போட்டு மூடினா மழைக்கு நனையாது" என்றாள் என் மனைவி. கையோடு கத்தரிக்கோலும் எடுத்து வந்துவிட்டாள். "கொஞ்சம் பொறு, இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டுத் தருகிறேன்" என்றேன்.

அது கட்சி பேனரோ கல்யாண பேனரோ அல்ல. என் மகள் வயிற்றுப் பேத்தி ரோபோ ஓட்டிப் பழகிய ஆடுகளம். கிரிக்கெட்டுக்குப் பிட்ச் எப்படியோ, ரோபோவுக்கு இந்த விரிப்பு அப்படி.

நம் வயதுக்காரர்களுக்கு இந்தப் போட்டி புதிது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உலக ரோபோ ஒலிம்பியாட் என்று ஒன்று 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2016-இல் அதன் உலக இறுதிப் போட்டி நம் இந்தியாவிலேயே நடந்தது. ஓர் அணிக்கு இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள். பிளாஸ்டிக் துண்டுகளை மாட்டிச் சின்ன வண்டி ஒன்று செய்வார்கள். அதற்கு மோட்டார் உண்டு, தரையைப் பார்க்கும் கண் உண்டு. ஆனால் ரிமோட் கிடையாது. பட்டனை அழுத்திய பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்த நிரலின்படி அது தானாக ஓடி, இங்கே இருக்கும் கட்டையை எடுத்து அங்கே வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

இந்த ஓட்டமெல்லாம் ஒரு மேசையின் மேல், அச்சடித்த விரிப்பு ஒன்றின் மேல்தான் நடக்கும். விரிப்பில் கறுப்புக் கோடுகள், வண்ணக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஆட்டம் மாறும், அதோடு விரிப்பும் மாறும். நடத்துகிறவர்கள் படத்தை வெளியிட்டுவிடுவார்கள். பழகிப் பார்க்க நாமே அச்சடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

2023-இல் பேத்தி எட்டாம் வகுப்பு. அவளும், கூடப் படிக்கும் இன்னொரு பெண்ணும், பிள்ளையார்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையனும் சேர்ந்து ஓர் அணி. எங்கள் வீட்டுப் பட்டாலைதான் அவர்களுக்குப் பட்டறை. முதலில் வெறும் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். கீழே ஆத்தங்குடிக் கல். அதிலுள்ள பூவையும் கட்டத்தையும் பார்த்துவிட்டு வண்டி தலைசுற்றி நின்றது. "விரிப்பு அச்சடிக்கணும் தாத்தா" என்றாள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போனேன்.

பிளெக்ஸ் கடைத் தம்பி மரியாதையான பையன். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். அளவைப் பார்த்தான். 2362 மில்லிமீட்டர் நீளம், 1143 மில்லிமீட்டர் அகலம்.

"என்னங்கய்யா இது, அரையும் குறையுமா இருக்கு? எட்டுக்கு நாலுன்னு போட்டுருவோம். ப்ளைவுட்டும் எட்டுக்கு நாலுதான் வரும், மேல விரிக்கச் சரியா இருக்கும். மூணு சதுர அடி கூடும். அதுக்குக் காசு வேணாம்."

மூன்று சதுர அடி இலவசம் என்றதும் எனக்கும் மனசு குளிர்ந்தது. "பளபளன்னு வரும்ல?" என்று வேறு கேட்டேன். "கண்ணாடி மாதிரி வரும்யா" என்றான். அப்படியே வந்தது.

வீட்டில் பிரித்ததும் பேத்தி, "அளவு சரியாத்தான இருக்கும் தாத்தா?" என்றாள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மூன்று மாதம் பழகினார்கள். வழவழப்பான கல்லில் பிளெக்ஸ் நழுவியது. அதனால் அடியில் ஒரு ஜமக்காளம் போட்டோம். வண்டி கட்டையை எடுத்தது, திரும்பியது, சொன்ன இடத்தில் வைத்தது. பத்துக்கு ஒன்பது முறை சரியாக வந்தது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மண்டலப் போட்டிக்கு நானும் கூடப் போயிருந்தேன். முதல் ஓட்டத்தில் வண்டி நேராகப் போனது, நிற்க வேண்டிய கறுப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. வெறும் காற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பியது. பயிற்சிக்கென்று கொடுத்த நேரத்தில் பிள்ளைகள் ஓர் இடத்தைத் திருத்தினால் அடுத்த இடம் தவறியது. கண்ணுக்குக் கொடுத்திருந்த எண்ணும் பொருந்தவில்லை. அடுத்த ஓட்டமும் அப்படியே. பட்டியலில் கீழிருந்து எண்ணினால் சீக்கிரம் எங்கள் பெயர் வந்துவிடும்.

திரும்பி வரும் வேனில் யாரும் பேசவில்லை. ஊர் நெருங்கும்போது மற்றொரு பெண் சொன்னாள்: "தூரக் கணக்கெல்லாம் இவன்தான் போட்டான்." பையன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

எனக்கு உறக்கம் வரவில்லை. இரண்டாம் நாள் இரவு எல்லாரும் படுத்த பிறகு, டேப்பை எடுத்துக்கொண்டு பட்டாலையில் உட்கார்ந்து விரிப்பை அளந்தேன். நீளம் 2438. அகலம் 1219. எட்டுக்கு நாலு அடி, அணுப் பிசகவில்லை. ஓரத்தில் வெள்ளை விட்டு அச்சடித்திருந்தாலும் பரவாயில்லை. படத்தையே இழுத்து நிரப்பியிருந்தார்கள்.

காகிதத்தில் கணக்குப் போட்டேன். நீளவாக்கில் 2 மீட்டர் போக வேண்டிய இடத்துக்கு எங்கள் விரிப்பில் 64 மில்லிமீட்டர் கூடுதல். அகலவாக்கில் 1 மீட்டருக்கே 66 மில்லிமீட்டர் கூடுதல். கறுப்புக் கோட்டின் அகலமோ 20 மில்லிமீட்டர்தான். எங்கள் வண்டிச் சக்கரத்தின் விட்டம் 56 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 176 மில்லிமீட்டர் நகரும். அந்தப் பையன் எத்தனை சுற்று என்று எழுதியது எங்கள் விரிப்புக்கு அட்சரசுத்தமாகச் சரி. போட்டி விரிப்பில் அதே கணக்கு கோட்டைத் தாண்டி மூன்று கோட்டு அகலம் போய்விடும்.

பளபளப்பும் சும்மா இருக்கவில்லை. வண்டியின் கண் தரையில் வெளிச்சத்தை அடித்து, திரும்பி வருவதை அளக்கிறது. வெள்ளையில் நிறையத் திரும்பும், கறுப்பில் கொஞ்சம்தான் திரும்பும். எங்கள் விரிப்பில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே கறுப்பும் மினுங்கியது. அந்த மினுக்கத்துக்கு ஏற்ப எண்ணைப் பழக்கியிருந்தார்கள். போட்டியில் மினுக்கம் இல்லாத விரிப்பு. பிள்ளைகள் பேரில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் தரையில் இருந்தது. அந்தத் தரையை வாங்கி வந்தவன் நான்.

உடனே எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு நாள் கழிந்தது. ஏன் என்று கேட்டால், இதே தப்பை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்தவன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வடிவகணித வகுப்பில் எங்களுக்கு இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுவார்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தும் உருவங்களுக்கு 'எகால்' என்று பெயர். பரப்பளவு மட்டும் ஒன்றாக இருந்து, உருவம் வேறாக இருந்தால் 'எக்கிவாலான்'. முதலாவது சமம், இரண்டாவது இணை. இரண்டையும் குழப்பி எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் கோடு போடுவார்.

பள்ளியில் அவ்வளவு கண்டிப்பாகப் படித்த சொல், பிறகு குமாஸ்தா வேலையில் தினமும் கண்ணில் பட்டது. கொள்முதல் கோப்பில் பொருளின் விவரம் எழுதி, கடைசியில் 'அல்லது அதற்கு இணையானது' என்று ஒரு வரி சேர்ப்போம். ஒரே கம்பெனிக்குச் சாதகமாக இருக்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல வரிதான். ஆனால் அந்த வரிக்குள் யானையே நுழைந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில் மாணவர் விடுதிகளுக்கு ஜமக்காளம் வாங்கினோம். மாதிரிக்கு வந்தது பவானி ஜமக்காளம், கையில் எடுத்தால் கனம் தெரியும். பிறகு லாரியில் வந்து இறங்கியது வேறு. நீளம் சரி, அகலம் சரி, நிறமும் ஏறக்குறைய சரி. கையில் எடுத்தால் மட்டும் துண்டு மாதிரி இருந்தது. மேலே இருப்பவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பில் எழுதினேன்: "மாதிரிக்கு இணையானது. ஏற்கலாம்." நான் ஒரு பைசா வாங்கவில்லை. வம்பு வேண்டாம் என்று எழுதினேன், அவ்வளவுதான். பில் பாஸாயிற்று.

அந்த மார்கழியில் வேறு வேலையாக ஒரு விடுதிக்குப் போக நேர்ந்தது. இரவு எட்டு மணி. சிமெண்ட் தரை. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் படுத்திருந்தார்கள். ஒருவன் ஜமக்காளத்தின் மேல் இன்னொருவன் ஜமக்காளத்தையும் போட்டு, அந்த இரட்டை விரிப்பில் இரண்டு பேரும் ஒடுங்கிக் கிடந்தார்கள். "ஒண்ணா விரிச்சா குளிருது சார்" என்றான் ஒரு சின்னப் பையன், என்னவோ அவன் தப்பு செய்துவிட்ட மாதிரி. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் ஆகப் போகிறது, இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது இங்கே எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் காலை பேத்தியை உட்கார வைத்து, டேப்பை அவள் கையில் கொடுத்து அளக்கச் சொன்னேன். அளந்தாள். முகம் மாறியது. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "அப்ப அவன் கணக்கு சரிதானா தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் இருவரும் பையன் வீட்டுக்குப் போனோம். அவன் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அப்போதுதான் சவாரி முடித்து வந்திருந்தார். அவர் எதிரிலேயே, "தம்பி, உன் கணக்கில் தப்பு இல்லை. நான் வாங்கி வந்த விரிப்புதான் தப்பு" என்று சொல்லி, போட்டிருந்த கணக்கைக் காட்டினேன். அவன் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "நானும் அளந்து பாத்திருக்கணும் தாத்தா" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவன் அம்மா காபி கொண்டுவந்ததால் தப்பித்தேன்.

அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கும் என் தம்பி மகனிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்தான். "பெரியப்பா, இங்கயும் இதே கதைதான்" என்றான். அவன் பிள்ளை ஆடுவது வேறு போட்டி. அங்கே ரோபோ ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவைத் தாண்டும். களம் 27 அடிக்கு 54 அடி, நம் ஊர்க் கல்யாண மண்டபம் மாதிரி. முழுக்கக் கம்பளம். எந்தக் கம்பெனி, எந்த ரகம், எந்த நிறம் என்பதுவரை விதிப் புத்தகத்தில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்களாம். 'கம்பளம்' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொன்றை வாங்கிவிடுவார்கள் அல்லவா? முடி நீளமான கம்பளத்தில் சக்கரம் அமுங்கும், திரும்பத் திணறும். முடி சாய்ந்திருக்கும் பக்கம் போவதற்கும் எதிர்ப்பக்கம் போவதற்கும் வித்தியாசம் தெரியும். புதுசு பஞ்சைக் கக்கும், பஞ்சு போய் அச்சில் சுற்றிக்கொள்ளும். பழசு தேய்ந்து வழுக்கும். அங்கே கம்பளச் சுருள் 12 அடி அகலத்தில் வருவதால் துண்டு துண்டாகச் சேர்த்து விரிக்க வேண்டும், சேர்த்த இடம் தூக்கிக்கொண்டால் அதிலும் தடுக்கும். அந்தக் கம்பளக் கம்பெனி இருப்பது ஜார்ஜியா மாநிலத்து டால்டனில். ஜமக்காளத்துக்கு நமக்குப் பவானி எப்படியோ, கம்பளத்துக்கு அவர்களுக்கு டால்டன் அப்படி. கையால் குஞ்சம் வைத்துப் படுக்கை விரிப்பு தைத்த ஓர் இளம்பெண்ணிலிருந்து தொடங்கிய தொழிலாம்.

1992-இல் அந்தப் போட்டி முதன்முதலில் நடந்தபோது களத்தில் கம்பளமே இல்லை. மக்காச்சோளத்தைப் பரப்பி, அதன் மேல் வண்டியை ஓட்டச் சொன்னார்களாம்! 2009-இல் சந்திரனில் மனிதன் இறங்கிய நாற்பதாம் ஆண்டு என்று வேண்டுமென்றே வழுக்கும் தகடு விரித்தார்கள். தரை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் பழகுகிற தரையும் ஆடுகிற தரையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளின் திறமையை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு விரிப்பின் வித்தியாசத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

2024-க்குப் புதுப் படம் வெளியானது. இந்த முறை கடைக்குப் போவதற்கு முன் விதிமுறைகளை நானே உட்கார்ந்து படித்தேன். கொள்முதல் பிரிவில் பழகிய கண் அல்லவா? எல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள். விரிப்பு மினுங்கக் கூடாது. சதுர மீட்டருக்கு 510 கிராம் அளவில் எடையுள்ள தார்ப்பாலின் வகையாக இருப்பது நல்லது. வலை போல மெலிந்தது ஆகாது. அளவில் 5 மில்லிமீட்டர் முன்பின் இருக்கலாம். இணையானது எதுவரை இணை என்பதை எண்ணாகச் சொல்லிவிட்டார்கள். என் காலத்துக் கோப்பில் இப்படி ஒரு எண் இருந்திருந்தால் அந்தப் பேனா ஓடியிருக்காது.

கடையில் சாதாரண பிளெக்ஸ் என்ன எடை என்று கேட்டால் "நல்லா கனமா இருக்கும்யா" என்றுதான் பதில் வருகிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொள்வது. அதைத் தெரிந்த நகைக்கடையில் தங்கத் தராசில் வைப்பது. வருகிற கிராமை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை. பழைய விரிப்பின் துண்டு 2.6 கிராம் காட்டியது, அதாவது 260. வேண்டியதில் பாதி. கடைக்காரர், "என்னங்க, பிளெக்ஸை அடகு வைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். ஜமக்காளத்தை ஒரு மளிகைத் தராசில் வைத்திருந்தாலே அன்று உண்மை தெரிந்திருக்கும். தெரியாமலா இருந்தது?

காரைக்குடியில் அந்தக் கனத்தில் கிடைக்கவில்லை. பையனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். மூன்றாவது கடையில் கிடைத்தது. துண்டு வெட்டி எடை பார்த்தோம், 5 கிராமுக்குச் சற்று மேல். மினுங்காத ரகம். "பக்கத்துக்குப் பொருந்துமாறு" என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொன்னோம். முழுசாக அடிப்பதற்கு முன், படத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு ஒரு சாண் துண்டில் அச்சடித்து, இரும்பு ஸ்கேலால் பையன் அளந்தான். துணி டேப் இழுத்தால் நீளும், அதை நம்பக் கூடாது. கோடு நூறு இருந்த பிறகுதான் "அடிங்கண்ணே" என்றான். கடைக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. "இந்த மாதிரி அளந்து வாங்குறவங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

மடிக்காமல் குழாயில் சுருட்டிப் பஸ்ஸில் கொண்டுவந்தோம். மடித்தால் மடிப்பு போகாது, அதில் சக்கரம் துள்ளும். ஆசாரியை வைத்து எட்டுக்கு நாலு ப்ளைவுட்டை அளவுக்கு அறுத்து, சுற்றிலும் சட்டம் அடித்தோம். அடியில் ஜமக்காளம் கிடையாது. நம் செம்மண் புழுதி படிந்தால் சக்கரம் வழுக்கும். ஆகவே தினமும் ஈரத் துணியால் துடைப்பது என் வேலை. சக்கரத் தடம் பட்டு வெள்ளை சாம்பலாகும் இடங்களையும் பார்த்துக்கொள்வேன்.

அந்த ஆண்டு பரிசு வாங்கினார்களா என்று கேட்பீர்கள். இல்லை, நடுவில் எங்கோ வந்தார்கள். ஒரு கட்டை கை நழுவி விழுந்தது, அது அவர்களுடைய சொந்தத் தப்பு. ஆனால் முதல் ஓட்டத்தில் வண்டி நேராகப் போய், கறுப்புக் கோட்டின் மேல் நின்றது. பையன் திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். நான் கையை உயர்த்திக் காட்டினேன்.

கட்டுரை முடிந்தது. பழைய விரிப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். விறகு மேல் கிடக்கிறது. மூன்று சதுர அடி கூடுதலாக இருப்பதால் நன்றாகவே மூடுகிறது.